விரல் வைத்தால் மாறும் நிறம்: மையா, காகிதமா?

மாசாயிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். மகளுக்குக் கல்யாணம். அழைப்பிதழில் ஒரு புதுமை வேண்டும் என்று மணமக்கள் ஆசைப்படுகிறார்கள். அட்டையில் நீல நிறத்தில் ஒரு வட்டம் இருக்கும். அதன் மேல் கட்டைவிரலை வைத்தால் நீலம் கரைந்து அடியில் மணமக்களின் பெயர் தெரியும். கைப்பேசியில் பார்த்த காணொளியில் அற்புதமாக இருந்ததாம். அச்சகத்தில் செய்து கொடுத்த மாதிரியில் நீலம் வெளிறிக் கிடக்கிறது. விரல் வைப்பதற்கு முன்பே பெயர் லேசாகத் தெரிகிறது. "மை மட்டமானதா? 500 அட்டைக்குப் பணம் கட்டலாமா?" என்று கேட்டிருந்தார்.

கடிதத்தோடு அவர் எழுதியிருந்த இன்னொரு விவரம்தான் என் கண்ணில் பட்டது. பூவிதழ் கலந்த, கையால் செய்த சொரசொரப்பான காகிதத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அப்படியென்றால் மையைக் குறை சொல்வதற்கு முன் காகிதத்தைப் பார்க்க வேண்டும்.

நிறம் மாறும் வித்தை நமக்குப் புதிதல்ல. ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் தண்ணீர் சிவக்கிறது. அது காரத்தால் வரும் மாற்றம். இந்த மையில் வருவது சூட்டால் வரும் மாற்றம். அதற்குள் மூன்று பொருள்கள் இருக்கின்றன: ஒரு சாயம், அந்தச் சாயத்துக்கு நிறம் கொடுக்கும் மெல்லிய அமிலத்தன்மை உள்ள ஒரு பொருள், மெழுகுபோல் உருகக்கூடிய ஒரு கரைப்பான். குளிர்ச்சியாக இருக்கும்போது கரைப்பான் உறைந்திருக்கும். சாயமும் அமிலப் பொருளும் சேர்ந்திருப்பதால் நிறம் தெரியும். சூடு பட்டதும் கரைப்பான் உருகும், இரண்டும் பிரியும், நிறம் போய்விடும். மறுபடி குளிர்ந்தால் மறுபடி சேரும்.

இந்த மூன்றையும் அப்படியே மையில் கொட்டிக் கலக்க முடியாது. ஒன்றைவிட்டு ஒன்று ஓடிவிடும். அதனால் மூன்றையும் சேர்த்து, கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உருண்டைகளுக்குள் அடைக்கிறார்கள். இவற்றை நுண்ணுறைகள் என்று வைத்துக்கொள்வோம். வெளி ஓடு பிசினால் ஆனது. ஓர் உருண்டையின் குறுக்களவு பெரும்பாலும் 1 முதல் 10 மைக்ரோமீட்டர் வரை. நம் தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரோமீட்டர் தடிமன் என்றால் அளவு புரியும். சின்னதுதான். ஆனால் சாதாரண அச்சு மையின் நிறத்துகள் பெரும்பாலும் 1 மைக்ரோமீட்டருக்கும் குறைவு. அதோடு ஒப்பிட்டால் இந்த உருண்டைகள் மணலுக்குப் பக்கத்தில் வைத்த கூழாங்கற்கள்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கூழாங்கல்லை எங்கே பரப்புகிறோம் என்பது முக்கியம்.

காகிதம் என்பது மரநார்களைப் பாய்போல் ஒன்றின் மேல் ஒன்றாகப் படியவைத்தது. பூச்சு இல்லாத காகிதத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் நாருக்கு நார் பள்ளமும் இடைவெளியும் இருக்கும். நாம் ஜெராக்ஸ் எடுக்கும் தாள், சிமிலி, கையால் செய்த காகிதம் எல்லாம் இந்த வகை. ஆர்ட் கார்டு வேறு வகை. அதன் மேல் வெள்ளைக் களிமண்ணோ சுண்ணத்தூளோ பசையோடு கலந்து பூசப்பட்டு, உருளைகளுக்கு நடுவே அழுத்தி வழவழப்பாக்கப்பட்டிருக்கும். பள்ளங்கள் அடைபட்டுவிடும்.

ஜொகூர் பாருவில் அச்சகம் வைத்திருக்கும் ஒரு நண்பரிடம் வாசகியின் கேள்வியைச் சொன்னேன். "வாங்க, அடிச்சே பார்த்துடலாம்" என்றார். ஒரே நீல மை, ஒரே சில்க் ஸ்கிரீன் சட்டம், நான்கு காகிதங்கள். பளபளப்பான ஆர்ட் கார்டு, சிமிலி, துணி நெசவுபோல் வரிவரியாக இருக்கும் லினென் அட்டை, கையால் செய்த காகிதம். நான்கிலும் அடியில் கறுப்பு மையில் ஒரு பெயரை அடித்து, மேலே நீல வட்டத்தைப் போட்டார்.

ஆர்ட் கார்டில் நீலம் அழுத்தமாக விழுந்தது. அடியில் இருந்த பெயர் தெரியவே இல்லை. விரலை வைத்து எடுத்ததும் விரலின் வடிவத்திலேயே நிறம் போனது; பெயர் தெளிவாகத் தெரிந்தது.

சிமிலியில் அதே நீலம் இரண்டு படி வெளிறியிருந்தது. மையில் இருக்கும் திரவத்தைத் தாள் உறிஞ்சிக்கொள்கிறது. அதோடு உருண்டைகளில் ஒரு பகுதியும் நார்களுக்கு இடையே இறங்கிவிடுகிறது. மேலே நிற்பது குறைவு, அதனால் நிறமும் குறைவு. அடியில் இருக்கும் கறுப்பை மறைக்கும் அளவுக்குப் போர்வை தடிமனாக இல்லை. வாசகியின் மாதிரியில் பெயர் முன்கூட்டியே தெரிந்ததற்குக் காரணம் இதுதான்.

லினென் அட்டையில் வேடிக்கை வேறு. மேட்டில் மை குறைவாகவும் பள்ளத்தில் தேங்கியும் இருந்தது. விரலை வைத்தபோது தோல் மேட்டை மட்டும்தான் தொட்டது. அங்கே நிறம் உடனே போனது. பள்ளத்தில் நீலம் அப்படியே நின்றது. பெயர், கொசுவலைக்குப் பின்னால் இருப்பதுபோல் தெரிந்தது.

கையால் செய்த காகிதத்தில் வட்டம் திட்டுத்திட்டாக வந்தது. பூவிதழ் இருந்த இடத்தில் மை ஒட்டவில்லை. நகத்தால் லேசாகச் சுரண்டினால் சில இடங்களில் தூளாக உதிர்ந்தது. உருண்டைகளைப் பிடித்து வைக்க வேண்டிய பசையைக் காகிதம் உள்ளே இழுத்துக்கொண்டால், மேலே நிற்கும் உருண்டைகளுக்குப் பிடிமானம் இருக்காது.

ஆக, நான்கிலும் மை ஒன்றுதான். வேலை செய்ததும் செய்யாததும் காகிதத்தால்.

ஆர்ட் கார்டுக்கும் ஒரு குறை உண்டு. அது மையை உறிஞ்சாது என்பதால் காய நேரமாகும். நம் ஊர்க் காற்றில் ஈரம் எப்போதும் அதிகம். மழைக்காலத்தில் இன்னும் மோசம். அவசரப்பட்டு அடுக்கி வைத்தால் ஓர் அட்டையின் முகம் அடுத்த அட்டையின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். அச்சகக்காரர் இரண்டு நாள் கூடக் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

அச்சடிக்கும் முறையும் முக்கியம். ஆப்செட் இயந்திரம் போடும் மைப்படலம் 1 அல்லது 2 மைக்ரோமீட்டர்தான். அதில் பெரிய உருண்டைகளை நிறுத்துவது சிரமம். சில்க் ஸ்கிரீன் முறை அதைப்போலப் பல மடங்கு தடிமனாக மையைப் படியவைக்கும், அழுத்தமும் குறைவு. அதனால்தான் இந்த வேலைக்குப் பெரும்பாலும் அதையே நாடுகிறார்கள். அழுத்தம் கூடினால் உருண்டை நசுங்கும். ஓடு உடைந்துவிட்டால் உள்ளே இருக்கும் கலவை காகிதத்துக்குள் கசிந்துவிடும். பிறகு நிறம் ஒழுங்காக மாறாது.

இங்கே நம் கல்யாணப் பத்திரிகைக்கே உரிய ஓர் எச்சரிக்கை. பிள்ளையாருக்குத் தங்க நிறத் தகடு பதிப்போம். அது சூடான அச்சுக்கட்டையை அழுத்திப் பதிப்பது. சூடும் அழுத்தமும் சேர்ந்து வரும் இடம் அது. நிறம் மாறும் வட்டத்தையும் தங்கப் பிள்ளையாரையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைக்கக் கூடாது. நடுவே நல்ல இடைவெளி வேண்டும். மஞ்சள் தடவுவதும் அந்த வட்டத்தில் படாத மூலையாக இருக்கட்டும். அட்டையின் நிறத்தையும் கவனியுங்கள். இந்த மை ஓரளவு ஊடுருவித் தெரியக்கூடியது. மஞ்சள் அட்டையில் நீலத்தை அடித்தால் பச்சை கலந்துதான் தெரியும். வெள்ளைத் தரைதான் இதற்கு நல்லது.

காகிதத்துக்கு அடுத்து நாம் பார்க்க வேண்டியது ஜொகூரின் வெயில்.

கடைகளில் கிடைக்கும் இந்த மைகள் பொதுவாக மூன்று அளவில் வருகின்றன. ஏறக்குறைய 15 பாகையில் மாறுவது, 31 பாகையில் மாறுவது, 45 பாகையை ஒட்டி மாறுவது. விரல் சூட்டில் மாற வேண்டும் என்பதற்காகக் காணொளிகளில் வருவது நடுவில் உள்ள 31 பாகை மை. குளிர்நாட்டில் அது சரி. அறை 20 பாகையில் இருக்கும். விரல் 32, 33 பாகையில் இருக்கும். வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

இங்கே பகல் நேரத்தில் வெளியே 31 முதல் 33 பாகை சாதாரணம். ஏர்கோன் போட்ட அச்சகத்தில் பார்த்த நீல வட்டம், தபால்காரர் பையில் ஏறி வாசலுக்கு வருவதற்குள் காணாமல் போயிருக்கும். விரல் வைக்க ஒன்றும் மிச்சம் இருக்காது. இன்னொன்று, நிறம் போன அதே பாகையில் அது திரும்பி வருவதில்லை. சில பாகை கீழே இறங்கினால்தான் வரும். மின்விசிறி மட்டும் ஓடும் வீட்டில், மாலை மழை பெய்து குளிரும்வரை அட்டை வெறுமையாகவே இருக்கலாம். உறவினர் அதைச் சாதாரண அட்டை என்று நினைத்து மேசையில் வைத்துவிடுவார்.

ஆகவே இந்த ஊருக்கு இரண்டு வழிகள் எனக்குப் பொருத்தமாகப் படுகின்றன. ஒன்று, 45 பாகை மை. சூடான தே தாரிக் கிளாஸை அட்டையில் வைத்தால் மாறும். அட்டையில் ஒரு வரி குறிப்புப் போட்டால் போதும். இன்னொன்று, 15 பாகை மை. இதில் நிறம் குளிரில்தான் தோன்றும். பெயரையே இந்த மையில் அடித்து, குளிர்பெட்டியில் வைத்தால் எழுத்து வெளியே வரும். குழந்தைகள் திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பார்கள். ஆனால் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த அட்டையில் நம் ஊர்க் காற்றின் ஈரம் உடனே வேர்த்துப் படியும். சிமிலியும் கையால் செய்த காகிதமும் அதில் நெளிந்துவிடும். இங்கேயும் ஆர்ட் கார்டுதான் தாங்கும்.

இந்த மைக்கு இன்னொரு பகை வெயிலின் புற ஊதாக் கதிர். 2019 டிசம்பர் 26-இல் நம் தஞ்சோங் பியாயில் கூட்டம் கூட்டமாகப் போய் வளையச் சூரிய கிரகணம் பார்த்தோம் அல்லவா? அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னால் அமெரிக்கா முழுவதும் ஒரு முழுக் கிரகணம் கடந்துபோனது. அதை முன்னிட்டு 2017 ஜூன் 20-ஆம் தேதி அமெரிக்கத் தபால் துறை ஒரு தபால்தலை வெளியிட்டது. கிரகணச் சூரியனின் கறுப்பு வட்டத்தில் விரலை வைத்தால் உள்ளே முழுநிலா தெரியும். விரலை எடுத்துக் குளிர்ந்ததும் மறுபடி கறுப்பு. நாசாவில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஃபிரெட் எஸ்பெனாக் எடுத்த படங்கள் அவை. இந்தத் தபால்தலையை வெயில் படாமல் வைத்துக்கொள்ளச் சொன்னதோடு, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் தனி உறையையும் 25 சென்ட்டுக்குத் தபால் துறையே விற்றது. ஒரு நாட்டின் தபால் துறைக்கே அந்தக் கவலை என்றால், ஜன்னல் ஓரம் மாட்டி வைக்கும் அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆல்பத்துக்குள் வைத்தால் நிறம் நாள்பட நிற்கும்.

சொரசொரப்பான காகிதம்தான் வேண்டும் என்று மணமக்கள் பிடிவாதமாக இருந்தால் அதற்கும் வழி உண்டு. வட்டத்தை மட்டும் ஆர்ட் பேப்பரில் தனியாக அடித்து, வெட்டி, கையால் செய்த அட்டையில் ஒட்டிவிடலாம். கொஞ்சம் கைவேலை, வீட்டில் நாலு பேர் உட்கார்ந்தால் ஒரே இரவில் முடியும். அல்லது அந்த இடத்தில் மட்டும் முதலில் வெள்ளை மையை ஒரு பூச்சாக அடித்துப் பள்ளத்தை அடைத்துவிட்டு, அதன் மேல் நிறம் மாறும் மையைப் போடச் சொல்லலாம்.

மாசாய் அம்மாவுக்கும் இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் சொல்வது இதுதான். காணொளியைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த அதே காகிதத்தில், அதே மையில் ஐந்து மாதிரி அடித்துத் தரச் சொல்லுங்கள். மை எத்தனை பாகையில் மாறும் என்று கேளுங்கள். மாதிரியை வீட்டுக்குக் கொண்டுவந்து, மதியம் 2 மணிக்கு ஏர்கோன் இல்லாத அறையில் வைத்துப் பாருங்கள். நகத்தால் சுரண்டிப் பாருங்கள். ஒன்றை ஜன்னலில் ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். இந்தச் சோதனையில் தேறினால் 500 என்ன, 1,000 கூட அடிக்கலாம்.

அழைப்பிதழ் சிலருக்குத்தான். ஆனால் இதே விதிக்குக் கட்டுப்பட்ட இன்னொரு காகிதம் இந்த நேரத்தில் உங்கள் எல்லோருடைய பணப்பையிலும் இருக்கிறது. கடையில் கொடுக்கும் ரசீது.

பெட்ரோல் நிலையம், மருந்துக்கடை, பேரங்காடி எங்கும் வரும் அந்த வழவழப்பான ரசீதில் மையே கிடையாது. அந்த இயந்திரத்துக்கு யாரும் மை ஊற்றுவதில்லை. சாயமும் அமிலப் பொருளும் காகிதத்தின் மேல்பூச்சிலேயே கலந்திருக்கின்றன. இயந்திரத்தின் சூடான முனை பட்ட இடத்தில் அவை உருகிச் சேர்ந்து கறுப்பாகின்றன. மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்தால் முனை சரியாகத் தொடாது, எழுத்து விட்டுவிட்டு வரும். அதனால் பூச்சுக்கு அடியில் இன்னொரு களிமண் பூச்சுப் போட்டுச் சமன் செய்கிறார்கள். நம் அழைப்பிதழ் மை சூட்டில் நிறத்தை விடுகிறது. ரசீது சூட்டில் நிறத்தைப் பிடிக்கிறது. சூத்திரம் ஒரே குடும்பம்தான்.

அந்தப் பிடி உறுதியானதல்ல. வெயிலில் வெளிறும். எண்ணெய்க் கை பட்டால் வெளிறும். கைகளுக்குத் தடவும் கிருமிநாசினி பட்டால் எழுத்து கலையும். மென்மையான பிவிசி பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தால், அந்த பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கும் வேதிப்பொருள் ரசீதுக்குள் இறங்கி எழுத்தைத் தின்றுவிடும். பத்திரமாக இருக்கட்டும் என்று லாமினேட் செய்யப் போனால் சூட்டில் முழுத் தாளும் கறுத்துவிடும். வெயிலில் நிறுத்திய காரின் முன்கண்ணாடி அருகே கிடக்கும் ரசீதுக்கும் அதே ஆபத்து.

இது வேடிக்கை விஷயமல்ல. வருமான வரிக் கணக்குக்குக் காட்டிய செலவுகளின் ஆதாரத்தை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் விதி. வாழ்க்கைமுறைச் செலவுக்கான 2,500 ரிங்கிட் கழிவு கேட்டு, புத்தகத்துக்கும் கணினிக்கும் ரசீது சேர்த்து வைத்திருப்பீர்கள். அப்பா அம்மா மருத்துவச் செலவுக்கும் சேர்த்திருப்பீர்கள். மூன்றாம் ஆண்டு வாரியம் கேட்கும்போது டப்பாவைத் திறந்தால் வெள்ளைத் தாள்கள்தான் இருக்கும். வாங்கிய குளிர்பெட்டிக்கு 5 ஆண்டு உத்தரவாதம் இருக்கலாம். ரசீதில் எழுத்து அத்தனை நாள் இருக்க வேண்டுமே.

இளைய குடும்பங்களுக்கு என் யோசனை: ரசீது வாங்கிய அன்றே படம் எடுத்துத் தேதி போட்டு இரண்டு இடத்தில் சேமியுங்கள். பெரிய தொகை என்றால் சாதாரணத் தாளில் ஒரு ஜெராக்ஸ் எடுத்து, அதோடு அசலை ஒரு காகித உறைக்குள் போடுங்கள். ஜெராக்ஸ் தூள், நார்களுக்கு மேல் உருகிப் பிடித்துக்கொள்ளும் கறுப்பு. வீட்டுச் சூட்டுக்கு அது அசையாது. அழைப்பிதழ் மைக்குக் குறையாக இருந்த அதே சொரசொரப்பான தாள், இங்கே உங்கள் கணக்கைக் காக்கும்.

பேனாவிலும் ஒன்றைக் கவனியுங்கள். பிள்ளைகள் விரும்பி வாங்கும், பின்முனையால் தேய்த்து அழிக்கும் பைலட் ஃபிரிக்‌ஷன் பேனா இதே வகை மைதான். 2006-இல் ஐரோப்பாவில் முதலில் விற்பனைக்கு வந்தது. தேய்க்கும்போது வரும் சூடு 60 பாகையைத் தாண்டினால் எழுத்து மறையும். வெயிலில் பூட்டிய காருக்குள் முன்பலகையில் அந்தச் சூடு எளிதில் வரும். வீட்டுப்பாடத்துக்கு அது நல்ல பேனா. காசோலை, விண்ணப்பப் படிவம், ஒப்பந்தக் கையெழுத்து, கோயில் நன்கொடைப் புத்தகம் இவற்றுக்கு வேண்டவே வேண்டாம். மறைந்த எழுத்தை மீட்க ஒரு வழி உண்டு: தாளை உறைபெட்டியில் வையுங்கள். பூஜ்யத்துக்குக் கீழே 10 பாகையை ஒட்டி எழுத்து திரும்பத் தொடங்கும்; 20-ஐ நெருங்கினால் நன்றாகத் தெரியும்.

கல்யாண வீட்டுக்காரர்கள் அச்சகத்துக்குப் போகும்போது கூடவே பழைய ரசீது டப்பாவையும் ஒருமுறை திறந்து பாருங்கள். இன்னும் படிக்க முடிகிற ரசீதுகளை இந்த வாரமே நகல் எடுத்துவிடுங்கள்.